ஊமைக் கூட்டம்

எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். பக்திக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் கொஞ்சம் உண்டுதான், ஆனால் அன்றைக்குக் காரணம் வேறு. சபை ஹாலின் மூலையில் இருந்த பழைய ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என் தொழிலே அதுதான், ஃபிரிட்ஜ் மெக்கானிக். கண்ணை மூடிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால்தான் அந்தப் பெண் எழுந்து போனதை அந்த ஹாலிலேயே நான் ஒருவன் பார்க்க நேர்ந்தது. ஓரத்து நாற்காலியில் இருந்தாள். ஜெபம் பாதியில் இருந்தது. சட்டென்று கண்ணைத் திறந்தாள். முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தாள். கன்னத்தில் அறை வாங்கியவர்கள், வலி தொடங்குவதற்கு முன்னால், 'என்ன நடந்தது' என்று ஒரு நொடி பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்காலிக் கால் தரையில் உரசாமல் தூக்கி நகர்த்திவிட்டு, வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். முன்னால் நின்று ஜெபித்தவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் என் மனைவி.

அவள் இந்தச் சபைக்கு வாலிபர் ஊழியராகி அப்போது ஐந்து மாதம்போல இருக்கும். அதாவது பள்ளிக்கூடத்து மேல்வகுப்புப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், புதிதாக வேலைக்குப் போகிறவர்கள், இவர்களைச் சனிக்கிழமை மாலையில் கூட்டி வைத்து, பாட்டு, வேதபாடம், ஜெபம் என்று நடத்தி, மற்ற ஆறு நாளும் அவர்கள் தலையெழுத்து தன் தலையெழுத்து என்று அலைய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் அவள் ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இன்றைக்கும் என் வேனில் உட்கார்ந்தால் அவள் கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். நான் ஓட்டுவதில் அவளுக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. பகலில் கார், மாலையில் தபால் வழி இறையியல் படிப்பு என்று நான்கைந்து வருடம் சாப்பாட்டு மேஜையைப் புத்தகத்தால் நிரப்பி வைத்திருந்தாள். "இத கொஞ்சம் கேளுங்க" என்று எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன்.

அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவனை எல்லோரும் கிட்டார் தம்பி என்பார்கள். நெற்றியில் விழுகிற முடி, கழுத்தில் கிட்டார், நல்ல குரல். பிள்ளைகள் அவனுக்காக உயிரை விட்டார்கள். அவன் பெரிய சபை ஒன்றுக்குப் போய்விட, அந்த இடத்துக்கு வேறு யாரும் விண்ணப்பிக்காத காரணத்தால், ஒரு வருடம் பார்க்கலாம் என்று கமிட்டி இவளை எடுத்தது. "கார் ஓட்டக் கத்துக்குடுத்தவங்க வாலிபப் பிள்ளைங்களுக்கு என்னத்த சொல்லிக்குடுப்பாங்க?" என்று தலைமை மூப்பர் அவள் காதுபடவே கேட்டார். யார் பேசப் போனாலும் முதலில் ஓடிவந்து மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் சபையில் அவருக்கு மைக் மூப்பர் என்று பெயர். அவர் காதுக்கு எட்டாமல்தான்.

முதல் சில சனிக்கிழமைகளை நினைத்தால் எனக்கே முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும். இவளுக்குக் கிட்டார் தெரியாது. பாடினால் ராகம் ஒரு பக்கம் போகும், தாளம் வேறு வேலை பார்க்கப் போய்விடும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, "இந்த ஆன்ட்டி எப்ப முடிப்பாங்க" என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். காகிதக் கோப்பைகளை அடுக்கி ஒரு விளையாட்டு நடத்தப்போவதாகச் சொல்லி, முந்தின நாளெல்லாம் வீட்டில் ஒத்திகை பார்த்தாள். அத்தனை வாலிபரும் நான்தான். "நீங்க இப்ப ரெண்டாவது அணி, இந்தப் பக்கம் ஓடுங்க" என்பாள், நான் மூட்டுவலியோடு ஓடுவேன். ஹாலில் அந்த விளையாட்டு சப்பென்று போய்விட்டது. ஒருத்தன் கோப்பையில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். இவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து வேகவேகமாகச் சாப்பிட்டாள். "இது சரிப்படாதுங்க. எனக்குத் தெரிஞ்ச வழியிலதான் போகணும்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த வழி கார். ஓட்டுநர் பள்ளி கழித்துப் போட்ட பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் தூரத்துப் பிள்ளைகளை அதில் ஏற்றி வீட்டில் விட ஆரம்பித்தாள். முதலில் பஸ் காசு மிச்சம் என்றுதான் ஏறினார்கள். பிறகு முன் இருக்கைக்குச் சண்டை வந்தது. "முகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தா யாரும் மனசுவிட்டுப் பேச மாட்டாங்க. ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தா தானா வரும்" என்பாள். சிக்னலில் சிவப்பு விழும்போது ஒருத்தி தன் அப்பாவைப் பற்றிச் சொல்வாள், பச்சை விழுந்ததும் நிறுத்திக்கொள்வாள். அடுத்த வாரம், அடுத்த சிக்னலில், மிச்சத்தைச் சொல்வாள். இவள் ஒன்றும் உபதேசம் செய்ததில்லை. அவசரப்பட்டு அழுத்தாமல், அசந்து விட்டுவிடாமல், பக்கத்தில் இருப்பது அவளுக்கு வருடக்கணக்கில் பழகியிருந்தது. எப்போதென்று தெரியாமல் ஆன்ட்டி போய் அக்கா வந்தது. நான் மட்டும் அங்கிளாகவே இருந்தேன். அவள் அக்கா, நான் அங்கிள்! இந்த உறவுமுறை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தக் காரில்தான் டாக்டரம்மாவும் வருவாள். எழுந்து போனாளே, அவள்தான். டாக்டருக்கெல்லாம் படிக்கவில்லை, நர்சிங் படிக்கிறவள், பிள்ளைகள் கேலிக்கு வைத்த பெயர். பையில் எப்போதும் வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருப்பாள், கடையில் வாங்கின நாள் மாதிரி மடிப்புக் கலையாமல். அவளுடைய அம்மாவுக்கு லாண்டரிக் கடையில் வேலை. அவள் வீடு கடைசி நிறுத்தம். ஒரு சனிக்கிழமை மற்ற எல்லோரும் இறங்கின பிறகு, டாக்டரம்மா ரோட்டைப் பார்த்தபடியே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். கல்லூரியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. மார்க்கெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வார்டில் ஊசி போடும்போது கை நடுங்கியது, ஒரு நோயாளி எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார், அன்றைக்கு வெளியே வந்தவள் திரும்பப் போகவில்லை. வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. காலையில் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, மதியம்வரை நூலகத்தில், அப்புறம் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா, ப்ளீஸ். நானே சொல்லுவேன்" என்றாளாம். இவளும் சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றாளாம்.

சொல்லவும் இல்லை. என்னிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு வாரம் ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள், கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றாள். அடுத்த சனிக்கிழமைதான் நான் ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டது. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கூட்டம் அவள் கைக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டு எடுபட்டது. வேதபாடத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். கடைசி ஜெபத்தில் அங்கங்கே விசும்பல் கேட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நானே ஒரு நிமிடம் அவளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டில் அவள் குரல் உயர்ந்தது. "ஆண்டவரே, படிப்பை விட்டுவிட்டு, வீட்டில் சொல்லத் துணிவில்லாமல், காலைதோறும் வெள்ளைக் கோட்டைச் சுமந்துகொண்டு புறப்படுகிற உம்முடைய பிள்ளையைக் கண்ணோக்கிப் பாரும்." பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு? அந்த ஹாலில் இருந்ததே ஒரு வெள்ளைக் கோட்டு.

கூட்டம் முடிந்து பிள்ளைகள் காரில் ஏறும்போது, "டாக்டரம்மா எங்க?" என்று என் மனைவி கேட்டாள். "அவ அப்பவே போயிட்டா அக்கா" என்றான் ஒருத்தன். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை, சந்தோஷத்தில் இருந்தாள். எல்லோரையும் இறக்கிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது நான்தான் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு ஏன் ஜெபத்துல பாதியில எழுந்து போச்சு? முகமே சரியில்ல."

காரை ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலீங்க," என்றாள் கடைசியில். "ஆண்டவர்கிட்டதான சொன்னேன்."

"மைக்குல சொன்ன," என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

சபைக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. வெளியே இருப்பவர்கள் ரகசியத்தை உளறினால் உளறல் என்று தெரியும். இங்கே கண்ணை மூடிக்கொண்டு, கையைக் குவித்துக்கொண்டு, நல்ல மனசோடு உளறலாம். கேட்டவர்களும் நல்ல மனசோடுதான் அடுத்தவருக்குச் சொல்வார்கள். அன்றைக்கே மைக் மூப்பரின் வீட்டம்மா, லாண்டரிக்கார அம்மாவுக்குப் போன் போட்டு, "தைரியமா இருங்க, உங்க பொண்ணுக்காக நாங்க எல்லாரும் ஜெபம் பண்ணிட்டிருக்கோம்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். "என் பொண்ணுக்கு என்ன?" என்று அந்த அம்மா கேட்டாராம். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாராம்.

டாக்டரம்மா போனை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு இவள் அனுப்பின செய்தி போய்ச் சேரவே இல்லை, அந்தப் பெண் இவள் நம்பரை பிளாக் செய்துவிட்டிருந்தாள். திங்கட்கிழமை என் மனைவி லாண்டரிக் கடைக்குக் கிளம்பினாள். "நானும் வரேன்" என்று ஒட்டிக்கொண்டேன். கடைக்குள் நுழைந்ததும் ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தால், பாலிதீன் உறை போட்ட துணிகள் வரிசையாகத் தொங்க, நடுவில் அந்த அம்மா ஒரு சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"அந்தக் கோட்ட தினமும் நான்தான் தேய்ச்சுக் கொடுத்தேன்," என்றார். "இங்க நாள் பூரா ஊரார் துணியத் தேய்ச்சுட்டு, வீட்டுக்குப் போயி அத தேய்ப்பேன். அது ஒண்ணு தேய்க்கறப்பதான் எனக்குக் கை வலிக்காது. அவ அத போடவே இல்லையாம். அடுத்த நாளும் அதையே எடுத்துக் குடுப்பா, நானும் தேய்ப்பேன். எங்கிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்லியிருக்கா. பெத்தவ எங்கிட்ட சொல்லல."

"தப்பு என்னோடதுங்க," என்றாள் என் மனைவி. "அவ என்ன நம்பிச் சொன்னா. நான் காப்பாத்தல."

நான் காத்திருந்தேன். இப்போது ஓர் 'ஆனா' வரும் என்று. எனக்குத் தெரிந்தவரை மன்னிப்பு என்றாலே பின்னால் ஓர் 'ஆனா' வரும். ஃபிரிட்ஜைச் சரி செய்யப் போய்க் கெடுத்துவிட்டால் நான் எடுத்தவுடன் சொல்வது அதைத்தான். ஆனா கரண்ட் ஏறி இறங்குது, ஆனா நீங்க கதவச் சரியா மூடறதில்ல. இவளிடம் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. நல்லதுக்குத்தான் ஜெபித்தேன், பெயர் சொல்லவில்லை, எப்படியும் ஒருநாள் தெரியத்தான் வேண்டும். ஒன்றையும் சொல்லவில்லை. அந்த ஆவியில், வேர்த்த முகத்தைக்கூடத் துடைக்காமல், அந்த அம்மா சொல்கிற ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். கட்டி இத்தனை வருடமாகியும் அவளை நான் சரியாகப் பார்த்ததில்லையோ என்று எனக்குத் தோன்றியது.

அந்த அம்மா கடைசியில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இனிமே எம் பொண்ணுக்காக ஜெபம் பண்ணாதீங்க. சத்தமாவும் வேணாம், மனசுக்குள்ளயும் வேணாம்."

"சரிங்க," என்றாள் இவள்.

அதைச் சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. படுக்கப் போகுமுன் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்காகவும் பெயர் சொல்லி முணுமுணுப்பது அவள் வழக்கம். அன்றிலிருந்து அந்த முணுமுணுப்பு ஓரிடம் வந்ததும் நின்றுவிடும். உதடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு இழுப்பாள். பிறகு அடுத்த பெயருக்குப் போவாள். பக்கத்தில் நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கிடப்பேன்.

போதகர் நல்ல மனிதர். கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, ஒரு வழி சொன்னார். "ஞாயிறு ஆராதனையில சாட்சி நேரத்துல எழுந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. மனசு திறந்து மன்னிப்புக் கேட்டா சபை ஏத்துக்கும்." எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாலு பேர் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், விஷயம் முடிந்தது.

"சபை ஏத்துக்கும் ஐயா, அது எனக்குத் தெரியும்," என்றாள் என் மனைவி. "நான் மேடையில அழுதா எல்லாரும் என்னப் பாத்து ஐயோ பாவம்னுவாங்க. அடுத்த நிமிஷம் திரும்பி, அந்தப் பொண்ணு எங்க உக்காந்திருக்கான்னு தேடுவாங்க. ஒரு தடவ அவளக் காட்டிக் குடுத்தாச்சு. எனக்கு நிம்மதி வேணும்னு இன்னொரு தடவ காட்டிக் குடுக்க முடியாது."

போதகர் தேநீர்க் கோப்பையைத் தட்டில் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரிதாம்மா, நான் அத யோசிக்கல" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மைக்கின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். "இனிமே இந்த ஹால்ல ஒருத்தருக்காக இன்னொருத்தர் சத்தமா ஜெபம் பண்ண வேணாம். நானும்தான். எல்லாரும் சும்மா இருப்போம். அவங்கவங்க சொல்ல வேண்டியத மனசுல சொல்லிக்கலாம்" என்றாள்.

"ஏன் அக்கா?" என்று ஒரு பொடியன் கேட்டான். பக்கத்தில் இருந்தவள் அவன் தொடையில் கிள்ளினாள்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றாள் அவள். அவ்வளவுதான்.

சும்மா இருப்பது என்ன லேசான காரியமா? அந்த முதல் நாள் இருக்கிறதே, அப்பப்பா! ஒருத்தன் வயிறு கடமுடவென்று கத்தியது. ஒருத்திக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, அது நாற்காலிக்கு நாற்காலி தொற்றியது. எல்லாம் அடங்கினபோது நான் சரி செய்து வைத்த ஃபிரிட்ஜ் பெருங்குரலில் உறும ஆரம்பித்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். கிட்டார் தம்பி போன சபைக்கே நாலைந்து பேர் போய்விட்டார்கள். 'ஊமைக் கூட்டம்' என்று பெயர் வந்தது. சந்தையில் ஒருவர், "என்ன சார், ஊமைக் கூட்டம் எப்படிப் போகுது?" என்று என்னிடமே கேட்டார். ஆனால் இருந்த பிள்ளைகளுக்கு அந்த அமைதி மெல்ல மெல்லப் பழகியது. சில வாரங்களில் சிரிப்பு நின்றது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த முரட்டுப் பையன் ஒருவன் முகத்தில் கண்ணீர் தானாக வழிந்ததை, கண்ணை மூடாத நான் பார்த்தேன். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

மைக் மூப்பருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவளுடைய ஒரு வருடம் முடிகிற சமயம் கமிட்டி கூடியது. அந்த அறையில் ஏ.சி.யிலிருந்து தண்ணீர் ஒழுகியதால் நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். ஏணியில் நிற்பவனை யாரும் ஆளாகவே மதிப்பதில்லை, அது ஒரு வசதி.

"வாலிபர் கூட்டம்னா ஒரு எழுச்சி வேணாமா?" என்றார் மூப்பர். "தெருவுல போறவங்க, உள்ள ஆள் இருக்காங்களான்னு கேக்கறாங்க. சத்தமா ஜெபிக்கக்கூடாதுன்னு எந்த ஊழியராவது சட்டம் போடுவாங்களா? காரணத்தச் சொல்லுங்க."

காரணம் அந்த மேஜையைச் சுற்றியிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். மூப்பரின் வீட்டிலிருந்துதான் லாண்டரிக்கார அம்மாவுக்குப் போன் போனது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அவர் வாயடைத்துப் போவார். சொன்னால் அன்று மாலையே டாக்டரம்மாவின் பெயர் மறுபடி எல்லார் வீட்டுக்கும் போகும்.

"காரணம் என் தப்புதான் ஐயா. அதுக்கு மேல சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்ல," என்றாள்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஏணியில் ஒரு படி இறங்கி வாயைத் திறந்தேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "பாத்து நில்லுங்க, ஏணி ஆடுது" என்றாள். ஏணி ஆடவே இல்லை. வாயை மூடிக்கொண்டு மேலே ஏறினேன். இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது.

திரும்பி வரும்போது நான் புகைந்துகொண்டே வந்தேன். "இவ்வளவுக்கும் அந்தப் பொண்ணு ஒரு நாளாவது எட்டிப் பாத்துச்சா? அது இனிமே வராது, விடு."

"கூட்டத்துக்கு வராட்டி போகட்டுங்க," என்றாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "ஒருத்தர்கிட்ட வாயத் தொறந்தா இப்படித்தான் ஆகும்னு நான் அவளுக்குக் கத்துக்குடுத்துட்டேன். இனிமே என்ன வந்தாலும் யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வச்சுப்பா. எனக்கு அதுதான் பயம். ராத்திரி அதான் தூக்கம் வரமாட்டேங்குது." அவள் குரல் உடைந்தது. வேனை மெதுவாக ஓட்டினேன்.

இது நடந்து சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, தோளில் பழைய துண்டோடு உட்கார்ந்திருந்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. இந்தக் கோலத்தில் போய்க் கதவைத் திறந்தால், டாக்டரம்மா நிற்கிறாள். இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கையில் பை எதுவும் இல்லை. என் தலையைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பார்க்காத மாதிரி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா இருக்காங்களா அங்கிள்?"

உள்ளே கத்திச் சத்தம் நின்றது. எங்கள் வீடு ஒரே அறை, அதிலேயே ஓரமாகச் சமையல். என் மனைவி எழுந்து நின்றாள், ஓடி வரவில்லை. அழவில்லை. "வா, உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும் அக்கா. அம்மாகிட்டயும் சொல்லல, யார்கிட்டயும் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இது ஜெபத்துக்கு இல்ல."

என் மனைவியின் இரண்டு கையும் பழக்கத்தில் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன. குனிந்து அவற்றைப் பார்த்தாள். விரல் விரலாகப் பிரித்தாள். மேஜைமேல் வெங்காயத் தோலுக்கு நடுவே இரண்டையும் விரித்து வைத்தாள்.

"சரி," என்றாள்.

இதற்கு மேல் அங்கே எனக்கு என்ன வேலை? குளியலறைக்குள் போய் நிற்கலாம் என்றால், அங்கே மேஜையில் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்கும். அப்படியே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காலில் செருப்பு இல்லை. எங்கள் மாடிப்படி விளக்கு ஆள் அசைந்தால் எரியும், சும்மா நின்றால் அணைந்துவிடும். அது அணையும்போதெல்லாம் கையை ஆட்டினேன். மேல்வீட்டுக்காரர் பையோடு படியேறி வந்தவர், என் தலையையும் வெறுங்காலையும் பார்த்தார்.

"என்ன சார், சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா?"

"இல்ல சார். உள்ள ஆள் வந்திருக்காங்க."

அவர் பாவமாகப் பார்த்துவிட்டு மேலே போனார். தலையைக் கழுவ வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. உச்சி எரிந்தது. சாயம் நெற்றியில் இறங்கிப் புருவத்துக்கு வந்தது, துண்டால் ஒற்றிக்கொண்டேன். உள்ளே அந்தப் பெண்ணின் குரல் சன்னமாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்காத தூரத்துக்கு இரண்டு படி இறங்கி உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. இந்த முறை நான் கையை ஆட்டவில்லை. கதவுக்கு அடியில் எங்கள் வீட்டு வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு நாற்காலிகளின் கால் நிழல்கள் அசையாமல் இருந்தன.